இருளாயி எடுத்த சிவப்புச் சீட்டு

12 ஜனவரி 1959, திங்கள்

காலை ஒன்பதரைக்கு வார்டில் ஏழாம் கட்டில்காரர் இறந்தார். கண்ணை மூடிவிடக்கூட நேரம் கிடைக்கவில்லை. வராந்தாவில் காத்திருந்த இருவர் உள்ளே பாய்ந்தார்கள். ஒருவன் பிணத்தின் கால்மாட்டில் துண்டைப் போட்டான், இன்னொருவன் தலைமாட்டில். பஸ்ஸில் இடம் பிடிப்பது போல.

"எங்கப்பன் பதினோரு நாளா வாசல்ல கெடக்குறாரு. எடுடா துண்ட!"

"எந்தங்கச்சி ரத்தமாக் கக்குறா. ஒங்கப்பன் கெடந்தா எனக்கென்ன?"

அப்புறம் பேச்சில்லை, செம்பால் அடி. ஒருவனுக்கு நெற்றி பிளந்து, ரத்தம் செத்தவர் போர்வையில் தெறித்தது. செத்தவரின் மனைவி கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். அவளை மிதித்துக்கொண்டே அடித்துக்கொண்டார்கள். ஆர்டர்லி வெள்ளைச்சாமி விலக்கப் போய் வயிற்றில் உதை வாங்கினான். நான் பினாயில் கரைத்த வாளியைத் தூக்கி இருவர் முகத்திலும் வீசினேன். அலறிக்கொண்டு ஓடினார்கள்.

அறுபத்தாறு வயதில் ஒரு முழு வாளியை அப்படி வீச முடியும் என்று நான் நினைத்ததில்லை. வருத்தம் ஒன்றும் இல்லை.

ஏழாம் கட்டில் பத்தரைக்குத்தான் கழுவி முடிந்தது. பத்துக்கு முடிந்திருக்க வேண்டும்.

13 ஜனவரி

நேற்றைய இருவரில் ஒருவனுக்குக் கண் இன்னும் சிவந்திருக்கிறது. சொட்டு மருந்து விட்டு அனுப்பினேன். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அவனும் கேட்கவில்லை.

20 ஜனவரி

மடத்துத் தலைவி மதர் என்னை அழைத்து இந்த மிஷன் ஆஸ்பத்திரியின் ஸ்டோரையும் வார்டையும் ஒப்படைத்து இரண்டு வருஷம் ஆகிறது. "அடைக்கலமேரி அம்மாள், உங்கள் கணவர் அப்போதிக்கரியாக இருந்தவர், உங்களுக்குத் தெரியாததா?" என்றார். அவரிடமிருந்து நான் ஒன்றும் கற்கவில்லை. ஒழுங்கைக் கற்றது திருச்சி கான்வென்ட்டில். வந்த மாதமே பாலில் தண்ணீர் கலப்பதை நிறுத்தினேன். கட்டுத்துணியை வேகவைத்து மறுபடி பயன்படுத்த வைத்தேன். எல்லாம் செய்தாலும் இருபத்தெட்டுக் கட்டிலை இருபத்தொன்பதாக்க எனக்கு வழி தெரியவில்லை. வாசலில் காசநோய்க்காரர்கள் இருநூறு பேர்.

டாக்டர் சந்தனசாமிக்கு ஒரு வழி தெரிகிறதாம். ஆவூர்க்காரர், மதராசில் படித்துவிட்டு வந்தவர். பாதிப் பேரைக் கட்டிலில் வைப்பது, பாதிப் பேருக்கு மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்புவது. ஒரு வருஷம் கழித்து இரண்டு கூட்டத்தையும் ஒப்பிடுவது. வீட்டில் விழுங்கினாலும் அதே குணம் என்று தெரிந்துவிட்டால், ஒரு கட்டிலுக்கு ஆகும் செலவில் பத்துப் பேரைப் பிழைக்கவைக்கலாம்.

"யாருக்கு எதுன்னு நீங்களும் தேர்ந்தெடுக்கக் கூடாது, நானும் கூடாதும்மா. தேறுறவனாப் பார்த்துக் கட்டில்ல போட்டுட்டு, கட்டில்தான் குணமாக்குச்சுன்னு சொல்லிடுவோம்."

ஆகவே ஒட்டிய உறைகள். மேலே வரிசை எண். உள்ளே 'வார்டு' அல்லது 'வீடு' என்று ஒரு சொல். வருகிறவர் வரிசைப்படி அவரவர் உறை. நேர்மையான திட்டம். எனக்குப் பிடித்தது.

2 பிப்ரவரி

முதல் நாள். ஆறு உறை. நான்காவது 'வீடு'. நோயாளியின் அண்ணன், சீட்டை வாசித்த வெள்ளைச்சாமியின் கையிலிருந்து அதைப் பிடுங்கினான். "மாத்திப்புட்டடா! எவன்கிட்டயோ வாங்கிக்கிட்டு மாத்திப்புட்ட!" என்று அவன் மணிக்கட்டைக் கடித்தான். நாய் கடிப்பதைப் போல விடாமல். எலும்பு தெரிந்தது. ஜன்னல் கண்ணாடி இரண்டு போயிற்று.

எழுத்துத் தெரியாதவனிடம் ஒரு சொல்லை நீட்டுகிறோம். அவன் சொல்லையா பார்ப்பான்? நீட்டுகிறவன் மூஞ்சியைத்தான் பார்ப்பான்.

5 பிப்ரவரி

வெள்ளைச்சாமி கட்டுப் போட்ட கையோடு சொன்னது: அவன் மகள் கல்யாணத்துக்கு ஐயனார் கோவிலில் பூக்கட்டிப் பார்த்தார்களாம். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனி இலையில் மடித்துச் சாமி முன் போட்டு ஒன்றை எடுப்பது. எடுத்த பிறகு மச்சான்கூட வாய் திறக்கவில்லையாம். மச்சானே வாய் திறக்கவில்லை என்றால் பாருங்கள் என்றான்.

சிறு வயதில் இதையெல்லாம் கேட்டு நாங்கள் கான்வென்ட்டில் சிரிப்போம். ஆனால் நம் கிறிஸ்தவச் சனமும் நிலத்தகராறு முற்றினால் பீடத்தில் திருவுளச்சீட்டுப் போடுகிறதே.

எனவே ஏற்பாடு செய்துவிட்டேன். சொல்லுக்குப் பதில் நிறம். மதர் தனியறையில் கதவைச் சாத்திக்கொண்டு சீட்டுகளை மாற்றி மறுபடி ஒட்டினார். நானும் டாக்டரும் பார்க்கவில்லை. உறையைத் தட்டில் வைத்து மாதா சுரூபத்தின் பாதத்தில் வைப்பது. நோயாளி தன் கையால் எடுத்துத் தானே கிழிப்பது. வெள்ளை என்றால் கட்டில். சிவப்பு என்றால் வீடு. ஸ்டோரில் வெள்ளைக்கு அடுத்தபடி நிறைய இருந்தது சிவப்புத் தாள்.

"இது கணக்கும்மா. சாமி இல்ல" என்றார் டாக்டர்.

"வரிசை மாறுகிறதா?"

"இல்ல."

"அப்புறம் என்ன?"

9 பிப்ரவரி

பதினொரு பேர். ஒரு சத்தம் இல்லை. கிறிஸ்தவர்கள் முழந்தாளிட்டார்கள், மற்றவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சிவப்பு வந்த ஐந்து பேரும் மாத்திரைப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் போனார்கள். அடி இல்லை, கடி இல்லை. ஒன்றரை மணி நேரத்தில் வேலை முடிந்தது.

டாக்டர் என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். சொல்ல வேண்டியதை அவரே புரிந்துகொள்ளட்டும்.

23 பிப்ரவரி

முப்பத்து நான்காம் எண். இருளாயி, வயது இருபத்திரண்டு. புருஷன் பிச்சை நாலு மைல் முதுகில் தூக்கி வந்திருக்கிறான். அவன் முதுகில் அவள் இருமிய ரத்தம் காய்ந்திருந்தது. சுரூபம் இருக்கும் கொட்டகைக்குள் போவதற்கு முன் என் காலில் விழுந்தான்.

"வெள்ளையா வர்றாப்புல பாத்துப் போடுங்க மேனேஜரம்மா. ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

இன்று இதே பேச்சு ஒன்பதாவது முறை. எரிச்சல். "அது என் கையில் இல்லையப்பா. மாதா கையில் இருக்கிறது" என்றேன்.

சிவப்பு.

அவன் சுரூபத்தின் முன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். எழுந்து தன் வாயிலேயே பளார் பளார் என்று அறைந்துகொண்டான். உதடு கிழிந்தது. அவள் அழவில்லை. "நான் என்ன தப்புப் பண்ணுனேன்?" என்று என்னைக் கேட்டாள்.

என்ன கேள்வி இது? காலையில் இத்தனை, மாலையில் இத்தனை, திங்கள்தோறும் வந்து அடுத்த வார மாத்திரை வாங்க வேண்டும் என்று இரண்டு தடவை சொல்லி அனுப்பினேன். அவள் பொட்டலத்தைப் பார்க்கவே இல்லை.

30 மார்ச்

இருபத்தாறு சிவப்பில் இன்று வந்தவர்கள் ஏழு பேர். அவர்களின் சிறுநீரைச் சோதித்தார் டாக்டர். நான்கு பேரிடம் மருந்தின் சுவடே இல்லை. வாங்கிப் போகிறார்கள், விழுங்குவதில்லை.

டாக்டர் மேசையைக் குத்தினார். மைக்கூடு கவிழ்ந்தது. "இப்படியே போனா வீட்டுல வச்சவன் எல்லாம் செத்தான்னுதான் முடிவு வரும். நாளைக்குக் கட்டில் கிடைக்காத ஒவ்வொருத்தனையும் அப்படியே விட்டுடுவாங்க. நம்ம கணக்கைக் காட்டியே விட்டுடுவாங்கம்மா!"

சோம்பல். ஜனங்களின் சோம்பல். வேறென்ன?

4 மே

வெள்ளைச்சாமியிடம் மாத்திரைப் பையைக் கொடுத்து ஊர் ஊராக அனுப்பினேன். மூன்றாம் நாள் திரும்பினான், பை நிறைய மாத்திரை அப்படியே. எனக்கு ரத்தம் தலைக்கேறியது. வார்டு நடுவில், எல்லார் முன்னாலும் அறைந்தேன். இரண்டு அறை.

அவன் கையைக்கூடத் தூக்கவில்லை.

"அடிங்க. ஆனா கேளுங்க. செவப்பு எடுத்தவுகளுக்கு ஊருல தண்ணிகூடக் குடுக்கலம்மா. சாமி இல்லைன்னு சொல்லிருச்சாம். சாமி வேணாம்னதுக்கு மருந்து குடுத்தா வீட்டுக்கே ஆகாதாம். எங்கிட்டுப் போனாலும் கம்பெடுத்து வெரட்டுறாக. பூக்கட்டிப் பாக்கையில வெள்ளைன்னா உத்தரவு, செவப்புன்னா இல்லைதானேம்மா? ஒங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. எனக்குத் தெரியாது. பூக்கட்டுவதைப் பற்றி அவனிடம் அரைகுறையாகக் கேட்டேன். நிறத்துக்கு என்ன அர்த்தம் என்று கேட்கவில்லை. கேட்பதற்கு என்ன கேடு வந்தது எனக்கு?

11 மே

ஜீப்பில் பிச்சையின் ஊருக்குப் போனேன். களத்துமேட்டுக்கு அப்பால் பனையோலைச் சாய்ப்பில் இருளாயி. தலையை மொட்டையடித்திருக்கிறார்கள். கன்னம் கருநீலம். முழங்கைக்குக் கீழே சூடு போட்ட தழும்பு, புதிது. வரப்பைத் தாண்டி வீட்டுப் பக்கம் வரக் கூடாது என்பதற்காக மாமியார் கொள்ளிக்கட்டையால் இழுத்ததாம். மாத்திரை எல்லாம் ஒரு கலயத்தில் அப்படியே.

பிச்சை தலையைத் தொங்கப்போட்டு நின்றான். "நானுந்தான் அடிச்சேன். உள்ள வந்தா மாட்டுக்கும் புள்ளைக்கும் ஆகாதுன்னாங்க. ராத்திரி ராத்திரி தவழ்ந்து வருவா. அடிச்சு அடிச்சு ஓட்டுவேன்."

"சிவப்பு என்றால் வீட்டில் வைத்து மருந்து கொடு என்று அர்த்தம்" என்றேன்.

அவன் தாய் வெடுக்கென்று திரும்பினாள். "அர்த்தம் எங்களுக்குத் தெரியும்த்தா. நீங்க ஒண்ணும் படிச்சுக் குடுக்க வேணாம்."

"மாதா கையில இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க? மாதா மாத்திப் பேசுமா?" என்றான் பிச்சை.

ஒரே ஒரு வாக்கியம் போதும். நான் சொன்னது பொய், அது ஸ்டோர் தாள். நாக்கு நுனியில் நின்றது. அந்தக் கிழவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். சொல்லவில்லை.

இருளாயிக்கு என் கையால் ஒரு வேளை மாத்திரை கொடுத்தேன். விழுங்கினாள், வாந்தியெடுத்தாள். என் முந்தானையைப் பிடித்தாள். பிடியை விரல் விரலாகப் பிரித்தேன். ஜீப்பில் இடம் இருந்தது. ஏற்றவில்லை. முப்பத்து நான்கு வீட்டு எண். ஏற்றினால் வரிசை கெடும்.

13 மே

மதர் சொல்கிறார்: "சிவப்பு எடுத்தவர்களை மாதா தன் வீட்டுப் பிள்ளையாக ஏற்றிருக்கிறாள் என்று சொல்லிவிடுங்கள். முடிந்துபோகும்." ஒரு பொய்க்கு இன்னொரு பொய். மாட்டேன் என்றேன்.

டாக்டர் சொல்கிறார்: "அப்ப உண்மையச் சொல்லுங்க. ஞாயித்துக்கிழமை கோவில்ல சொல்லுங்க, சந்தையில சொல்லுங்க. ஆனா இந்த வாரமே சொல்லுங்கம்மா." சொல்கிறேன் என்றேன்.

17 மே, ஞாயிறு

பூசைக்குப் போனேன். சனம் நிறைய இருந்தது. அடுத்த வாரம்.

24 மே

தொண்டை கட்டியிருந்தது. பொய். தொண்டை நன்றாகத்தான் இருந்தது.

5 ஜூன், வெள்ளி

இருளாயி செத்துப்போனாள்.

இருபத்தஞ்சு நாள். இருபத்தஞ்சு நாள் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கேன். எதுக்கு? ஒரு கிழவி எனக்கு முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றாள் என்பதற்கா? நாளைக் காலை போகிறேன். டாக்டர் வேண்டாம் என்கிறார்.

22 ஜூன்

இடது கையால் எழுதுகிறேன். எழுத்துக் கோணல். போகட்டும்.

ஆறாம் தேதி. குழி வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஊர் முழுக்க இருந்தது. அவள் பாயில் சுருட்டப்பட்டிருந்தாள். நான் ஜீப்பை விட்டு இறங்கி, சத்தமாக, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். சாமி எதுவும் சொல்லவில்லை. நிறம் வைத்தது நான். மாதா கையில் இருக்கிறது என்று சொன்னது பொய். மருந்து கொடுத்திருந்தால் இவள் பிழைத்திருக்கக்கூடும்.

பிச்சை குழிக்குள் நின்றிருந்தான். மார்பளவு ஆழம். மெல்லக் கேட்டான்:

"அப்ப நான் யாரு சொல்லி அவள அடிச்சேன்?"

மண்வெட்டியோடு மேலே ஏறினான். முதல் அடி காம்பால், தோளில். கையைத் தூக்கினேன். இரண்டாவது அடியில் எலும்பு உடைந்த சத்தம் எனக்கே கேட்டது. விறகு முறிவது போலத்தான் இருந்தது. மூன்றாவது நினைவில்லை. டிரைவர் இழுத்துப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறான்.

ஊர்க்காரர்கள் பின்னாலேயே ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். வழியில் சிவப்பு எடுத்த வீடுகள் எல்லாம் சேர்ந்துகொண்டன. மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு நூறு பேர். கட்டிலில் கிடந்தவர்களைத் தரையில் உருட்டிவிட்டுக் கட்டில்களை முற்றத்தில் போட்டுக் கொளுத்தினார்கள். பதினெட்டுக் கட்டில். டாக்டர், நோயாளிகள் கணக்கு இருந்த ரிஜிஸ்தர் பெட்டிமேல் குப்புறப் படுத்துக்கொண்டாராம். உதைத்து மூன்று விலா எலும்பை முறித்தார்கள், அவர் பெட்டியை விடவில்லை. வெள்ளைச்சாமி கதவை மறித்து நின்றான். யாரோ ஒருவன் அரிவாளை வீசினான். அவனுடைய இடது காது போய்விட்டது.

நான் அறைந்த காது.

3 ஜூலை

மிச்சம் பத்துக் கட்டில். எரிந்த கட்டில்களின் நோயாளிகள் கூரையில்லாத முற்றத்தில் கிடந்தார்கள். டாக்டர் படுத்துக்கொண்டே, "எல்லாம் போச்சும்மா" என்றார்.

"பத்துக் கட்டில் இருக்கிறது. பெட்டி இருக்கிறது. வீட்டுக்கு அனுப்பினால் விழுங்குவதில்லை என்பதுதானே குறை? விழுங்க வைப்போம்" என்றேன்.

இனி நிறம் இல்லை, சுரூபத்தின் முன் தட்டு இல்லை. சீட்டில் சொல். அவர்களே ஊரிலிருந்து எழுத்துத் தெரிந்த ஒருவரைக் கூட்டி வரட்டும், அவர் வாசிக்கட்டும். மாத்திரையை யாரும் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம். ஊர்தோறும் ஒருவரை வைத்து, காலையில் அவர் கண்ணெதிரில் விழுங்கி, வாயைத் திறந்து காட்ட வேண்டும். இதைப் பிப்ரவரியிலேயே யோசித்திருக்கலாம். அப்போது நான் என் ஏற்பாட்டை மெச்சிக்கொண்டிருந்தேன்.

14 ஜூலை

வெள்ளைச்சாமியிடம் மன்னிப்புக் கேட்டேன். "எந்த அடிக்கும்மா?" என்றான். சிரிக்கிறானா என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

8 அக்டோபர்

புதுக்கோட்டைக் கோர்ட்டு. சாட்சிக் கூண்டில் பைபிளைத் தொட வலது கை உயரவில்லை, இடது கையால் தூக்கி வைத்தேன். சர்க்கார் வக்கீல், அடித்தது இவன்தானா என்று கேட்டார். ஆம் என்றேன். பிறகு நான் சொன்ன பொய்யைச் சொல்லத் தொடங்கினேன். "கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கம்மா" என்றார் நீதிபதி. கேட்காததைத்தான் சொல்ல வந்தேன் என்றேன். முழுதும் சொன்னேன். எழுதிக்கொண்டார்களா என்று தெரியாது.

பிச்சைக்கு ஒன்பது மாதம். எலும்புக்கு ஒன்பது மாதம். எனக்கு ஒன்றும் இல்லை.

15 ஆகஸ்ட் 1960

வராந்தாவில் பிச்சை. விடுதலையாகி வந்தவனைத் தாய் உள்ளே விடவில்லையாம். இருமினான். துணியில் ரத்தம். இருளாயியிடமிருந்து தொற்றியதாகத்தான் இருக்க வேண்டும்.

எண் நூற்று எழுபத்திரண்டு. வாசிக்க அவனுக்கு ஆள் யாருமில்லை. கீரனூர் வாத்தியார் ஒருவர் மருந்துக்கு வந்திருந்தார், அவரிடம் கொடுத்தேன். 'வீடு' என்று வாசித்தார்.

பிச்சை சிரித்தான். "எந்த வீடு?"

டாக்டர் என்னைப் பார்த்தார். அவருக்கு உறையைத் தள்ளிவைத்துவிட ஆசை. கூடாது. இதுவும் எண்தான்.

"என் வீடு" என்றேன்.

16 ஆகஸ்ட்

என் வீட்டுப் பின்கட்டில் தனி அறை, தனித் தட்டு. காலை ஏழுக்கு மாத்திரை. கையில் வாங்கினான். அதை என் முகத்தில் எறிந்தான். நெற்றியில் பட்டுக் கீழே விழுந்தது. எடுத்துத் துடைத்து, மறுபடி நீட்டினேன். மறுபடி எறிந்தான். ஐந்தாவது தடவை விழுங்கினான்.

"வாயைத் திற."

"நம்பலையா?"

"நம்பவில்லை. நாக்கைத் தூக்கு."

9 நவம்பர்

பிச்சை தன் குழந்தை செத்ததாகக் கனவு கண்டானாம். சுவரில் தலையை மோதிக்கொண்டான். நெற்றியில் நான்கு தையல். தையலுக்குப் பிறகு மாத்திரை. விழுங்கினான்.

20 பிப்ரவரி 1961

டாக்டர் கூட்டல் போட்டு முடித்தார். கண்ணெதிரில் விழுங்கிய வீட்டுக்காரர்களில் குணமானவர்கள் நூறில் எண்பத்தாறு. கட்டில்காரர்களில் எண்பத்தெட்டு. "ரெண்டும் ஒண்ணுதாம்மா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். எரிந்த கட்டில்களுக்குப் பதில் கட்டில் வாங்கப் போவதில்லை. அந்தக் கூடம் பிரசவத்துக்கு.

முதல் இருபத்தாறு சிவப்பைத் தனியாக எழுதச் சொன்னேன். தவறு மருந்தினுடையது அல்ல, யாருடையது என்று அங்கே எழுதியிருக்கிறது. நான் சொல்ல, அவர் எழுதினார். செத்தவர்கள் இருபத்தாறில் பத்தொன்பது பேர்.

3 ஏப்ரல் 1961, திங்கள்

பிச்சையின் சளியில் மூன்றாம் மாதமாகக் கிருமி இல்லை. பின்கட்டுக்குப் போய் அவனிடம் சொன்னேன்.

"நீங்க சொல்றீங்களா, டாக்டரு சொல்றாரா?"

டாக்டர் எழுதிய சீட்டைக் காட்டினேன். வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பினான். எழுத்துத் தெரியாது. என்னிடமே திருப்பிக் கொடுத்து வாசிக்கச் சொல்வான் என்று நின்றேன். அவன் எழுந்து, என்னைத் தாண்டி, ஆஸ்பத்திரி வரை நடந்துபோய் வெள்ளைச்சாமியிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னான். ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை.

பிறகுதான் நம்பினான். சரிதான்.